‘மறுநாளே வீடு’ என்றால் நம்பலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. ஏழெட்டு வருடமாக நெஞ்செரிச்சல். படுத்தால் வாயில் புளித்த தண்ணீர் வருகிறது. மாத்திரையை நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. ஆபரேஷன் என்கிறார்கள். போனில் பேசிய கோஆர்டினேட்டர், ‘மறுநாளே வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார். எங்கள் சித்தப்பா ஒரு மாதம் ஆகும் என்கிறார். எது சரி? நல்ல சர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டுமே சரிதான், எண்ணுகிற கணக்குதான் வேறு. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்தால் ஆஸ்பத்திரியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள். இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் போலச் சுற்றித் தைப்பார்கள், அவ்வளவுதான். மறுநாளே நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். தோள்பட்டை வலித்தால் மாரடைப்போ என்று பயந்துவிடாதீர்கள். வயிற்றுக்குள் ஏற்றிய வாயு செய்யும் வேலை அது, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். வலி கூடினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்லும் மாதக் கணக்கு வீட்டில் ஓடுவது. முதலில் கஞ்சி, வடிகட்டிய ரசம். அப்புறம் குழைந்த சாதம், மோரில் ஊறிய இட்லி. சப்பாத்தி, பரோட்டா, பிரெட் நாலு முதல் ஆறு வாரம் வேண்டாம். நெஞ்சுக்குள் அப்படியே நின்றுவிடும். ஏப்பம் சரியாக வராது, அதனால் சோடாவும் வேண்டாம். விழுங்கும்போது அடைப்பது போல இருப்பது சிலருக்கு மூன்று மாதம்கூடப் போகும். தண்ணீரே இறங்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லேத்தில் சக் கழற்றித் தூக்கும் வேலை ஆறு வாரத்துக்குக் கிடையாது. முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த கோஆர்டினேட்டருக்கு வருகிறேன். அவர் டாக்டர் இல்லை, கேஸ் பிடித்துத் தருபவர். பேக்கேஜ் விலை பேசுவார், கத்தி பிடிப்பவர் பெயரைக் கேட்டால் ‘சீனியர் சார்’ என்பார். அந்த சார் ஆபரேஷனை முடித்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். முதல் சில நாளில் குமட்டி வாந்தி எடுத்தால் தையல் பிரியலாம். ராத்திரி மூன்று மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? நோயாளியை அனுப்பக் கமிஷன் கூடாது என்று மருத்துவ கவுன்சில் 2002இலேயே விதி போட்டது. விதி அலமாரியில் இருக்கிறது, கமிஷன் ரோட்டில் ஓடுகிறது.

சர்ஜனை நேரில் பாருங்கள். எம்.சிஎச். சர்ஜிக்கல் காஸ்ட்ரோ, அதாவது இரைப்பை-குடல் ஆபரேஷனுக்கான மேல்படிப்பு, படித்தவராக இருந்தால் நல்லது. ‘இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? நீங்களே செய்வீர்களா?’ என்று கேளுங்கள். பித்தப்பை ஆபரேஷன் கணக்கைச் சொன்னால் அது பதில் ஆகாது. கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே தனித் துறை உண்டு. வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் பேக்கேஜ் பேச ஆள் வராது.

ஒன்றை மட்டும் விடவே கூடாது: மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, உணவுக்குழாய் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை. அக்கலேசியா என்று ஒரு நோய் இருக்கிறது. அதில் உணவுக்குழாயின் அடிவாய் திறக்காது. சாப்பிட்டது மேலேயே தங்கி, புளித்து, வாய்க்கு வரும். பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது போலவே இருக்கும். ஏற்கெனவே திறக்காத வாயைச் சுற்றி இன்னும் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? என்னிடம் அப்படி ஒருவர் வந்தார். கையில் தடிமனான ஃபைல், அதில் நான்கு எண்டாஸ்கோப்பி, ஒரு மேனோமெட்ரிகூட இல்லை. எச்சில் விழுங்க முடியாமல் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்கிற டாக்டரிடம் போகாதீர்கள். எண்டாஸ்கோப்பியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் 24 மணி நேர ஆசிட் பரிசோதனையும் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் இன்னொன்று. காலையில் டிஸ்சார்ஜ் என்பார்கள், அனுமதி வரவில்லை என்று சாயங்காலம் வரை உட்கார வைப்பார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் கூடும் செலவு இன்ஷூரன்ஸ் கம்பெனி தலையில் என்பது 2024 முதல் விதி. பில் கவுன்ட்டரில் சத்தமாகவே சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பசிக்கிறது என்றால் கேன்டீனில் பன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.