கேளுங்க, பேசலாம்: செத்துப் பொழைச்சு வந்து கணக்குத் தீர்க்கற பொண்ணுங்க

போன இதழ்ல ஒரு வாசகி இந்த மறுபிறவி வெப் நாவல் பத்தி, அதான் செத்தவ பழைய வயசுக்கே திரும்பி வர்ற மாதிரி சீனா, கொரியா பக்கம் எழுதி இணையத்துல அத்தியாயம் அத்தியாயமா வர்ற கதை, ஒரு வரி கேட்டிருந்தாங்க, நானும் ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். இந்தத் தடவை வந்த கேள்வில முக்காவாசி அதைப் பத்தித்தான். சரி, இந்த வாரம் முழுக்க அதையே பேசிடலாம்.

அக்கா, பையன தூங்க வெச்சுட்டு ராத்திரி போனை எடுத்தா ரெண்டு மணி ஆயிடுது. முதல் அத்தியாயத்துல புருஷனும் ஒண்ணுவிட்ட தங்கச்சியும் சேர்ந்து அவளைக் கொன்னுடறாங்க, ரெண்டாவது அத்தியாயத்துல பதினாலு வயசுப் பொண்ணா கண்ணு முழிக்கறா. எல்லாக் கதையும் இதேதான். தெரிஞ்சும் ஏன் விட முடியல? பழி வாங்கறதைப் பார்க்க எனக்கு அவ்ளோ ஆசையா? — வாசகி, ஈரோடு

பழி வாங்கறதுதான் ருசின்னு எல்லாரும் சொல்றாங்க தங்கச்சி, எனக்கு அப்படித் தோணவே இல்ல. பழி வாங்கற கதை எந்த ஊர்லதான் இல்ல? நீங்க சொன்ன அந்த ரெண்டாவது அத்தியாயத்தையே திரும்ப எடுத்துப் பாருங்க. கண்ணு முழிச்சதும் அவ கத்தியைத் தேட மாட்டா. முதல்ல தன் கையைப் பார்ப்பா. சாகும்போது குளிர்ல வெடிச்சு, எலும்பும் தோலுமா கிடந்த கை, இப்போ வழவழன்னு இருக்கும். அப்புறம் பக்கத்துல நிக்கற வேலைக்காரப் பொண்ணைப் பார்ப்பா, போன தடவை இவளுக்காக அடி வாங்கியே செத்தவ, அவ உயிரோட நின்னுக்கிட்டு மருந்து ஆறிடும் எழுந்திரிங்கன்னு சொல்றா. நம்ம ஆளு பேச முடியாம அவ கையைப் புடிச்சுக்குவா. அப்புறம் கேக்கற முதல் கேள்வி, இன்னைக்கு என்ன தேதி?

அந்தத் தேதிதான் கதையே. அம்மாவுக்கு அந்த மருந்தைக் குடுக்க இன்னும் மூணு மாசம் இருக்கு, அந்தப் படுபாவி பொண்ணு பார்க்க வர ஒரு வருஷம் இருக்கு, அண்ணன் போருக்குப் போக ரெண்டு வருஷம் இருக்கு, இதெல்லாம் அவ மனசுக்குள்ள மடமடன்னு ஓடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வோம்ல, இது அந்தக் கண்ணைத் திருப்பிக் குடுக்கற கதை. நமக்கும் புத்தி வருது, ஆனா கையெழுத்துப் போட்ட அப்புறம் வருது, வளையலைக் கழட்டிக் குடுத்த அப்புறம் வருது, வேலையை விட்ட அப்புறம் வருது. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது அத்தனையும் நெஞ்சுக்குள்ள ஒண்ணுக்கும் ஆகாம கிடக்கு. அவளுக்கு மட்டும் அது அப்படியே கைக்கு உதவுது.

ஒண்ணு சொல்றேன். எங்க அம்மாவோட சீர்ல ஒரு பித்தளைக் குடம், கழுத்துல அவங்க பேரும் கல்யாண வருஷமும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். அம்மா போய் ஆறு வருஷம் கழிச்சு ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனேன், பந்தியில தண்ணிக்கு அந்தக் குடம்தான் நிக்குது. புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்து பாதி அழிஞ்சுடுச்சு, விரலை வெச்சுத் தடவினாத் தெரியுது. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா என்ன சொல்வாங்கன்னும் தெரியும். தண்ணி மொண்டு குடிச்சுட்டு வந்துட்டேன்.

இந்த சீன நாவல்கள்ல திரும்பத் திரும்ப ஒரு காட்சி வரும், கவனிச்சிருப்பீங்க. செத்துப்போன அம்மாவோட சீர்ப் பட்டியலை இவ எங்கிருந்தோ தேடி எடுப்பா. பழைய சீனாவுல பெரிய குடும்பத்துப் பொண்ணுக்கு என்னென்ன குடுத்தாங்கன்னு எழுதி வெக்கற வழக்கம் உண்டு, பட்டு இத்தனை, வளையல் இத்தனை ஜோடி, கடை இத்தனைன்னு. பாட்டி முன்னாடி, மொத்த வீடும் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அவ சத்தம் போடாம ஒவ்வொண்ணா வாசிப்பா, சித்தி தலையில இருக்கற கொண்டை ஊசி வரைக்கும் வந்து நிறுத்துவா. கத்தி இல்ல, ரத்தம் இல்ல, பட்டியல் வாசிக்கறது அவ்ளோதான். அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. அதனால உங்களுக்குக் கொடூர மனசுன்னு நினைக்காதீங்க தங்கச்சி. எங்கேயோ ஒரு குடம் உங்களுக்கும் இருக்கும்.

மறுபிறவி, டிரான்ஸ்மைக்ரேஷன், வில்லி கதைன்னு என்னென்னமோ சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா? — கல்லூரி மாணவி, கோவை

ஒண்ணு இல்லம்மா. செத்து, தன்னோட பழைய வயசுக்கே திரும்பி வந்தா அதைச் சீனத்துல சோங்ஷெங்னு சொல்றாங்க, நேர் அர்த்தம் மறுபடி பொறக்கறது. இந்தக் காலத்துப் பொண்ணு பழைய காலத்துக்கோ வேற ஒருத்தி உடம்புக்கோ போனா சுவான்யுவே, கடந்து போறது, டிரான்ஸ்மைக்ரேஷன்னு சொல்றது இதைத்தான். படிச்ச நாவலுக்குள்ளயே போய் விழுந்தா சுவான்ஷூ. கொரியாவுல திரும்பி வர்றது ஹோக்வி, வேற உடம்புல புகுறது பிங்உய், மறுபடி பொறக்கறது ஹ்வான்செங், மூணையும் சேர்த்து ஹோபிங்ஹ்வான்னு ஒரே வார்த்தையாக்கிட்டாங்க. ஜப்பான்ல 2004ல ஆரம்பிச்ச ஷோசெட்சுகா நி நாரோங்கற தளத்துல, யார் வேணா கதை எழுதிப் போடலாம், அங்க வளர்ந்ததுதான் வில்லி கதை: கண்ணு முழிச்சா, தான் விளையாடின வீடியோ கேம் கதையில தோத்துப்போற பணக்கார வீட்டு வில்லியா இருக்கறது.

வித்தியாசம் பேருல மட்டும் இல்ல. திரும்பி வர்றவளுக்குத் தன் காயம்தான் மூலதனம். வில்லி உடம்புல புகுந்தவளுக்கு அடுத்தவ காயம். இவ ஏன் இப்படி ஆனா, யாராவது ஒரு தடவையாவது இவ பக்கம் கேட்டாங்களான்னு அந்தக் கதைங்க கேக்குது. எனக்கு அது கொஞ்சம் கூடவே புடிக்கும்.

டிவி சீரியலா எடுக்கும்போது மறுபிறவியையே தூக்கிடறாங்களே, ஏன்? — வாசகி, மதுரை

சீனாவுல 2011லயே டிவி கட்டுப்பாட்டுத் துறை காலம் தாண்டற சீரியல்களைக் கண்டிச்சுது, வரலாறை விளையாட்டா எடுத்துக்கறாங்கன்னு. அதுக்கப்புறம் எடுக்கறவங்க சுத்தி வளைச்சுத்தான் போறாங்க. 2024ல வந்த 'தி டபுள்' பார்த்திருப்பீங்க, நாவல்ல நாயகி செத்துப்போயி வேற ஒரு பொண்ணு உடம்புல முழிக்கறா, சீரியல்ல உயிரோட புதைக்கறாங்க, மண்ணுக்குள்ளேர்ந்து கையை வெளிய நீட்டி எழுந்து வந்து, தன்னைக் காப்பாத்தின பொண்ணு இறந்ததும் அவ பேரை எடுத்துக்கறா. எனக்கு அந்த மாத்தம் குறையாப் படல, மண்ணைக் கீறிக்கிட்டு வர்ற அந்தக் கையே மறுபிறவிதானே. கொரியாவுல அந்தத் தடை இல்ல. அதே 2024ல வந்த 'மேரி மை ஹஸ்பண்ட்'ல கேன்சர் வந்தவ, புருஷனையும் உயிர்த்தோழியையும் ஒண்ணாப் பார்த்துட்டு, அங்கேயே செத்து, பத்து வருஷம் பின்னாடி 2013ல ஆபீஸ்ல முழிக்கறா. நடக்க வேண்டியது யாருக்காவது நடந்தே தீரும்னு தெரிஞ்சதும் அந்தப் புருஷனைத் தோழிக்கே கட்டி வெக்கப் பார்க்கறா. கழுத்தைப் புடிக்கல, தன் தலையெழுத்தை அவ தலைக்கு மாத்தி எழுதறா!

நல்லா போயிட்டிருந்த கதை நூறு அத்தியாயத்துக்கு மேல ஜவ்வா இழுக்குது. அடுத்த அத்தியாயத்தைத் திறக்க ஆப்ல காயின் வாங்கிக் காசும் போகுது. — வாசகி, தூத்துக்குடி

சீனத் தளங்கள்ல 2003 வாக்குல வந்த முறை அது, ஆயிரம் எழுத்துக்கு இவ்ளோன்னு வாசகர்கிட்ட வாங்குவாங்க. எழுத எழுதத்தான் எழுதறவங்களுக்கு வருமானம், அதனால ஒரு விருந்துக் காட்சி எட்டு அத்தியாயம் ஓடும். நான் பண்றது, அவளைக் கொன்னவங்க கணக்கு முடிஞ்சதும் கதையை மூடிடுவேன். அதுக்கப்புறம் வர்ற அரசியல் எனக்கு வேண்டாம்.

நம்ம பக்கம் இந்த மாதிரி கதையே இல்லையா அக்கா? — வாசகி, திருவள்ளூர்

உங்க மாவட்டத்துலயே இருக்கேம்மா, திருவாலங்காடு பக்கத்துல பழையனூர். நீலி கதை. போன பிறவியில கட்டின புருஷனே அவளைக் கொன்னுட்டான். அடுத்த பிறவியில அவன் வணிகனா அந்த ஊர் வழியா வர்றான், இவ பேயா, பொண்டாட்டி வேஷத்துல, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, ஊர்ப் பெரியவங்க எழுபது வேளாளர் முன்னாடி வந்து அழறா. அவன் பயந்து போயி இவ என்னைக் கொன்னுடுவான்னு கத்தறான், அவங்க நம்பல, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க உயிரைக் குடுக்கறோம்னு வாக்குக் குடுத்து அவளோட ஒரே இடத்துல தங்க வெக்கறாங்க. காலையில அவன் பொணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில இறங்கினாங்க. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்துல, ஒருத்தி வஞ்சம் பண்ணி உயிரை எடுத்ததைக் கேட்டு அஞ்சற பழையனூர்னு பாடறார், அப்படின்னா ஏழாம் நூற்றாண்டுலயே அந்தக் கதை ஊரறிஞ்சது.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் ரொம்ப நாளா இருக்கு. பொய்யா அழறதை நாம நீலிக் கண்ணீர்னு சொல்றோம். யோசிச்சுப் பாருங்க, அவளைப் புருஷன் கொன்னது நிஜம். செத்தவளோட அழுகை எப்படிப் பொய்யாச்சு? அந்தப் பெரியவங்க வாக்கு தவறாதவங்கங்கறதுல எனக்கு மறுப்பு இல்ல, அவங்க தியாகத்தை அந்த ஊர் இன்னைக்கும் மதிக்குது, மதிக்கணும். ஆனா நீலிக்கு என்ன நடந்துச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சீன வாசகர்ங்க பொய்யா அழற பொண்ணை வெள்ளைத் தாமரைன்னு சொல்றாங்க, அங்க அது கொன்னவளுக்குக் குடுக்கற பேரு. நம்ம ஊர்ல செத்தவ பேரையே அதுக்கு வெச்சுட்டோம். யாராவது ஒரு பொண்ணு நீலி பக்கத்துலேர்ந்து இந்தக் கதையை வெப் நாவலா எழுதினா, ராத்திரி ரெண்டு மணி இல்ல, விடிய விடிய உக்காந்து படிப்பேன்.

மேடம், பத்தாவது படிக்கற என் பொண்ணு இதையேதான் படிக்குது. சதி, விஷம், பழின்னு படிச்சா மனசு கெட்டுடாதா? — ஒரு அப்பா, சேலம்

உங்க கவலை நியாயமானது சார், மழுப்ப மாட்டேன். எனக்கே புடிக்காத விஷயங்கள் இதுல இருக்கு. கொன்னது புருஷன், ஆனா நானூறு அத்தியாயத்துல முந்நூறு தங்கச்சியையும் சித்தியையும் மாமியாரையும் அழிக்கறதுலயே போகும், அவனுக்குக் கடைசியில ரெண்டு அத்தியாயம். வைப்பாட்டிக்குப் பொறந்தவன்னாலே கெட்டவன்னு எழுதறாங்க, அது பச்சை அநியாயம். பதினஞ்சு வயசுல கல்யாணம், சித்திரவதை, இதெல்லாம் எந்தத் தடையும் இல்லாம வரும், அதனால எந்தக் கதை எந்த வயசுக்குன்னு நீங்களோ அவங்க அம்மாவோ பார்த்துத்தான் ஆகணும்.

ஆனா போனைப் புடுங்காதீங்க. சாப்பிடும்போது உன் கதையில அவ இப்போ என்ன பண்றான்னு ஒரு தடவை கேளுங்க. இந்தக் கதைங்கள்ல நாயகி கத்துக்கற முதல் விஷயம், சிரிச்சுப் பேசறவங்க எல்லாம் நல்லவங்க இல்லங்கறது. யாரு குடுத்தாலும் படிக்காம கையெழுத்துப் போடக்கூடாது, தன் சொத்து எங்க இருக்குன்னு தனக்குத் தெரியணும், இதெல்லாம் அவ கூடவே வருது. எங்க தலைமுறைப் பொண்ணுங்களுக்கு இதை யாரும் பதினஞ்சு வயசுல சொல்லல. உங்க பொண்ணு அதைப் படிச்சுட்டு உங்ககிட்ட வந்து சொன்னா, கேக்கறதுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும் சார்.

இங்கிலீஷ்ல மெஷின் பண்ணின மொழிபெயர்ப்பு படிச்சா யாரு யாருக்கு என்ன உறவுன்னே புரியல. உங்களுக்கும் அப்படியா? — வாசகி, நாகர்கோவில்

அப்படித்தான். சீனத்துல எழுவாயை அடிக்கடி விட்டுடுவாங்க, மெஷின் ஊகிச்சு அவன்னும் அவள்னும் மாத்தி மாத்திப் போடுது. அதை விடக் கஷ்டம் இந்த கசின்ங்கற வார்த்தை. சீனத்துல பெரியப்பா சித்தப்பா புள்ளைங்களுக்கு டாங்னு ஒரு முன்னொட்டு, அத்தை பக்கம் மாமா பக்கம் புள்ளைங்களுக்கு பியாவ்னு வேற ஒண்ணு, பெரியம்மா சித்தி புள்ளைங்களையும் அதுலதான் சேர்ப்பாங்க, அது ஒண்ணுதான் நமக்கு ஒத்துவராது. அந்தக் கதைங்கள்ல பியாவ் அண்ணனைக் கட்டிக்கலாம், டாங் அண்ணன் கூடப் பொறந்தவன் மாதிரி. இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் கசின், கசின் அவளை வாசல்ல நின்னு பார்த்தான்னு வந்தா இது பாசமா காதலான்னு இருபது அத்தியாயம் குழம்பணும். தமிழ்ல அத்தை மகன் வாசல்ல நின்னான்னு எழுதினாப் போதும், எங்க பாட்டிக்குக் கூட அங்கேயே புரிஞ்சுடும்.