'லேட்' என்றால் தாமதம் மட்டுமா?

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில், 15 ஆண்டுகளுக்கு முன் காலமான சம்பந்தியின் பெயரோடு 'லேட்' சேர்க்கச் சொல்கிறார்கள். தாமதத்தைக் குறிக்கும் சொல் இங்கே பொருந்துமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தாராளமாகப் பொருந்தும். பழைய ஆங்கிலத்தில் மந்தம், தாமதம் என்றிருந்த இச்சொல், 'அண்மைவரை இருந்து இப்போது இல்லாத' என்ற பொருளையும் ஏற்று, 15ஆம் நூற்றாண்டிலிருந்தே மறைந்தவரைக் குறித்து வருகிறது. நமது மரண அறிவித்தல்களில் வரும் 'காலஞ்சென்ற' என்பதற்கு நிகரானது. இத்தனை ஆண்டுகள்தான் என்ற விதி இல்லையாயினும், 1930இல் மறைந்த சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு இன்று எவரும் அதைச் சேர்ப்பதில்லை.

கவனிக்க வேண்டியது சொல் நிற்கும் இடத்தைத்தான். 'மை லேட் ஃபாதர்' என்றால் காலஞ்சென்ற என் தந்தை. 'மை ஃபாதர் இஸ் லேட்' என்றால் அவர் இன்னும் வந்து சேரவில்லை, கொழும்பு ரயில் பிந்தியிருக்கலாம். 'லேட் ஒஃப் ட்ரிங்கோமலி' என்பதோ முன்னர் திருகோணமலையில் வசித்தவர் என்றே பொருள்படும். ஆள் கனடாவில் சுகமாக இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற அதிபரை 'லேட் பிரின்ஸிப்பல்' என்று எழுதும் பழைய மாணவர்கள், தயவுசெய்து 'ஃபோர்மர்' என்று திருத்திக்கொள்ளட்டும்.

பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் இடுவது நம்மவர் வழக்கம். 'த லேட்' என்று பெயருக்கு முன்னே அச்சிடுவதே முறையான ஆங்கிலம்.