வாசகர் கேள்வி–பதில்: வெர்ஹுனி மொறுமொறுவென்று வர

கேள்வி: உக்ரைன் நாட்டின் வெர்ஹுனி என்ற பொரித்த பட்சணத்தை வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள். அதில் மது ஊற்றுவார்களாமே, அது இல்லாமல் வருமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக வரும். மைதா 250 கிராம், முட்டை மஞ்சள் கரு 4, புளித்த கிரீம் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. புளித்த கிரீமுக்குப் பதில் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் நீர் வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கைக்குப் புளிப்பு ஏறிவிடும். தயிரில் கொழுப்பு குறைவு என்பதால் உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி சேர்க்க வேண்டும்.

அங்கே ஒரு கரண்டி வோட்கா ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் மாவை ஜவ்வாக இழுக்க வைக்கும், மது அப்படிச் செய்யாது. சூடான எண்ணெயில் சட்டென்று ஆவியாகி மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம் எழுப்பும். அது வேண்டாம் என்றால் வெள்ளை வினிகர் 2 தேக்கரண்டி போதும். கொப்புளம் சற்றுக் குறையும், ஆனால் தேய்க்கும்போது மாவு அடங்கி வரும். உக்ரைனில் வினிகர் ஊற்றிச் செய்பவர்களும் உண்டு.

பூரி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி வையுங்கள். பிறகு சப்பாத்திக் குழவியால் ஐந்து நிமிடம் அடித்து, மடித்து, திரும்ப அடியுங்கள். அடித்த மாவு தொட்டால் பட்டுப் போல இருக்கும். தேய்க்கும் பதம், அடியில் வைத்த பூப்போட்ட தட்டின் கோலம் மாவின் வழியே மங்கலாகத் தெரிய வேண்டும். சோமாசிக் கரண்டியால் 3 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நடுவில் 4 செ.மீ. கீறி, ஒரு முனையை அந்தக் கீறல் வழியாக நுழைத்து இழுத்தால் முறுக்கிய ரிப்பன் போல நிற்கும். வெட்டிய துண்டுகளைத் துணியால் மூடியே வையுங்கள். காற்றுப் பட்டுக் காய்ந்தால் முறுக்கும்போது முறியும்.

கேள்வி: மாவில் ஆப்பசோடா போட்டேன். பூரி மாதிரி உப்பி, ஒரு மணி நேரத்தில் நமுத்துவிட்டது. கையில் எண்ணெய் ஒட்டுகிறது. எங்கே தவறு? (வாசகி, மன்னார்குடி)

பதில்: சோடாவில்தான். அது மாவைத் துளைத்துவிடும், துளை இருந்தால் எண்ணெய் குடிக்கும். வெர்ஹுனிக்கு சோடாவும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். நமுத்ததற்கு மாவைக் கனமாகத் தேய்த்ததும் காரணமாக இருக்கும். வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கினால், அந்த ஈரம் வெளியே வந்து மொறுமொறுப்பைக் கெடுக்கும். இந்தப் பட்சணத்துக்கு அங்கே க்ருஸ்திகி என்றும் பெயர், கடிக்கும் சத்தத்தை வைத்து வந்த பெயர். சத்தம் கேட்காவிட்டால் பண்டமே இல்லை!

எண்ணெய்ச் சூடு 170 முதல் 180 டிகிரி வரை இருக்கலாம். ஒரு கிள்ளு மாவைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், உடனே கருகவும் கூடாது. மேலே ஒட்டிய உலர்மாவைத் தட்டிவிட்டு, மூன்று நான்கு துண்டுகளாகப் போடுங்கள். சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கிவிடும். ஒரு பக்கம் அரை நிமிடம், திருப்பி இன்னொரு அரை நிமிடம். வைக்கோல் நிறம் வந்ததும் ஜல்லிக்கரண்டியில் எடுங்கள், வெளியே வந்த பிறகும் நிறம் கூடும். அங்கே பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு. நமக்குக் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சரி. நல்லெண்ணெய் மணம் இதற்குச் சேராது. மஞ்சள் கருவால் எண்ணெய் நுரைக்கும், எனவே வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காமல் செய்யலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: செய்யலாம். ஆனால் அந்தப் பொலபொலப்பும் மஞ்சள் நிறமும் கருவிலிருந்து வருவது. வெண்ணெயை 3 மேசைக்கரண்டியாக்கி, வடித்த தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிசையுங்கள். ருசியான பண்டம் கிடைக்கும். சோமாசி மேல்மாவுக்கு நெருங்கிய ருசி, வெர்ஹுனி என்று சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: மேலே தூவிய பொடித்த சர்க்கரை ஈரமாகிவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் எத்தனை நாள் வைக்கலாம்? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: கொதிக்கக் கொதிக்கத் தூவினால் சர்க்கரை உருகும். கை பொறுக்கும் சூட்டில் தூவுங்கள். மழை நாளில் இன்னொரு வழி நல்லது: சர்க்கரை தூவாமல் நன்றாக ஆறவிட்டு, காய்ந்த எவர்சில்வர் சம்புடத்தில் அடைத்து, தட்டில் எடுத்து வைக்கும்போது மட்டும் தூவுங்கள். இறுக மூடினால் நான்கைந்து நாள் தாங்கும். ஆறுமுன் மூடினால் மூடியில் வேர்த்து, மறுநாளே துவண்டுவிடும்.