குழந்தைக்குத் திக்குவாய் வர உடல்ரீதியான காரணம் ஏதும் உண்டா?

உண்டு. கண்டித்து வளர்த்ததாலோ பயந்துபோனதாலோ திக்குவாய் வருவதில்லை. பெற்றோர் முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வைக்க வேண்டும்.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை வாக்கியமாகப் பேசத் தொடங்கும்போதுதான் இது தலைகாட்டும். "அ... அ... அம்மா" என்று முதல் எழுத்திலேயே பேச்சு நின்றுவிடும். என்ன சொல்ல வேண்டும் என்பது குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும். நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சு எல்லாம் நேரம் தவறாமல் சேர்ந்து இயங்குவதில்தான் சிக்கல். கேட்கும் பகுதியையும் பேச்சசைவைத் திட்டமிடும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைகள், திக்குபவர்களின் இடப்பக்க மூளையில் சற்று வேறுபட்டிருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. பாடும்போது பலருக்குத் திக்குவதே இல்லை. தாளம் வெளியிலிருந்து கிடைத்துவிடுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அப்புறம், பரம்பரை. திக்கல் குடும்பங்களில் தொடர்ந்து வருவது நெடுநாளாகத் தெரிந்ததுதான். 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜிஎன்பிடிஏபி உள்ளிட்ட மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். ஆனால் திக்குபவர்களில் ஒரு சிறு பங்கினருக்கே அது பொருந்தும்.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பையனாக இருந்து, வீட்டில் பெரியவர் யாருக்காவது திக்கல் நீடித்து, ஆறு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.