வெளிநாட்டவரை மணந்து சேலத்திலேயே வாழ முடியுமா?

நீங்கள் சேலம், அவர் ஜெர்மன்காரர். இங்கேயே கல்யாணம் செய்து இங்கேயே வாழ முடியுமா, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் கணவரும் அந்த நாட்டுக்காரர்தான், நாங்கள் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். என்னைக் கேட்டால், வீட்டார் மனசு மாறுவதைவிடக் காகித வேலை முடியத்தான் அதிக நாளாகும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

கோயிலில் தாலி கட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். யாரும் மதம் மாற வேண்டாம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். இருவரில் ஒருவராவது 30 நாள் இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அது உங்களால் சரியாகிவிடும். திருமணப் பதிவு அலுவலகத்தில், கல்யாணம் செய்யப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். 3 மாதத்தைத் தாண்டினால் மறுபடியும் நோட்டீஸ்தான். அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். யாரோ பார்த்துவிட்டு வந்து உங்கள் அப்பாவிடம் சொல்வதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவர் திருமணம் செய்யத் தடையில்லை என்ற சான்றை அவர் ஊர்ப் பதிவு அலுவலகம் தரும். அது 6 மாதம்தான் செல்லும். நோட்டீஸ் தேதியையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விசா எடுக்காமலே இந்தியாவில் நீண்ட நாள் தங்க வழிசெய்யும் ஓசிஐ அட்டை, கல்யாணம் ஆனதுமே அவருக்குக் கிடைத்துவிடாது. பதிவான திருமணம் 2 வருடம் தொடர்ந்து நீடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அதுவரை விசாதான். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவும் செய்ய வேண்டும். அட்டை கிடைத்தாலும் ஓட்டு கிடையாது, விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் அவர் பெயரில் வாங்க முடியாது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கும் ஆசை பலருக்கும் இருக்கிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வாங்குவதானால் உங்கள் பெயரில் வாங்குங்கள்.

அப்புறம் வீடு. என் அப்பாவுக்கு ஏற்காட்டில் சின்னத் தோட்டம் உண்டு. ரொம்ப நாள் அவர் என் கணவரோடு சரியாகப் பேசவில்லை. காப்பி பறிக்கும் காலத்தில் ஆள் போதாமல் இவரைக் கூட்டிப் போனார். பழுத்த சிவப்புப் பழத்தை மட்டும் காம்போடு பிய்க்காமல் திருகி எடுக்க வேண்டும், பச்சையைத் தொடக்கூடாது. இவர் கூடையில் ஒரு பச்சைக்காய்கூட இல்லை. அப்பா கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடியும் ஏத்தணும், நாளைக்கும் வாங்க மாப்ள" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக மாப்ள என்று கூப்பிட்டார். அம்மாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். தட்டுவடை செட்டை இவர் இரண்டாம் முறை கேட்டதுமே அவர் கட்சி மாறிவிட்டார்.

உண்மையான கஷ்டம் வேறொன்று. நீங்கள் எங்கே குடியிருந்தாலும் ஒருவருடைய பெற்றோர் தூரத்தில்தான் இருப்பார்கள். என் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போன குளிர்காலத்தில், அங்கே நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் என்பதால், மருத்துவரோடு பேச இவர் ராத்திரியெல்லாம் முழித்திருந்தார். மறுநாள் டிக்கெட் போட்டுக் கிளம்பினார், நான் குழந்தையோடு இங்கே இருந்தேன். இங்கே குடியிருப்பது என்று முடிவு செய்தால் அந்தப் பிரிவைத் தாங்கப்போவது அவர்தான், நீங்களல்ல. அதனால் அவர் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முடியாமல் போனால் யார் போவது, எத்தனை நாள் இருப்பது, அந்தச் செலவுக்குத் தனியாக எவ்வளவு எடுத்து வைப்பது என்பதையெல்லாம் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் வீட்டாரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.