மனம் என்பது மூளை மட்டும்தானா, அதற்கு அப்பால் ஏதாவது இருக்கிறதா?

எனக்கு ஒருமுறை வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. மூக்கில் மாஸ்க்கை வைத்து, "பத்திலிருந்து கீழே எண்ணுங்க" என்றார்கள். பத்து, ஒன்பது, எட்டு... ஏழு சொன்னதாக நினைவில்லை. அடுத்த நொடி யாரோ என் கன்னத்தைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். எல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டதாம்!

தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்றாவது தெரியும். இதில் அதுவும் இல்லை, நடுவில் கத்தரித்து ஒட்டிய மாதிரி. மனம் மூளையைச் சாராத தனிப்பொருள் என்றால் அந்த மூன்று மணி நேரம் அது எங்கே போயிருந்தது?

1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத், மனமும் உடலும் வேறு வேறு பொருள் என்று சொன்ன தத்துவ அறிஞர் டெக்கார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். உருவமே இல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று கேட்டிருந்தார். டெக்கார்ட் கடைசிவரை சுற்றி வளைத்துத்தான் பதில் சொன்னார். நான் அதையே திருப்பிக் கேட்கிறேன்: உருவமில்லாத ஒன்றைக் கொஞ்சம் மருந்து எப்படி அணைக்கும்?

"மூளை வெறும் ரேடியோ பெட்டி, நிகழ்ச்சி வேறெங்கிருந்தோ வருகிறது" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் ஒரு வயர் அறுந்தால் கரகரக்கும். செய்தி வாசிக்கிறவரின் குணமா மாறும்? மூளையின் முன்பகுதியில் அடிபட்ட சிலருக்கு அதுதான் நடக்கிறது. சாதுவாக இருந்தவர் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார்.

நம்பிக்கையே வலியைக் குறைக்கிறதே, அது மனசின் சக்தி இல்லையா என்றால், 1978இல் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஊசியிலும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, உடலே சுரக்கும் வலிநிவாரணியைத் தடுக்கும் நலாக்ஸோனை அவர்களுக்குக் கொடுத்ததும் வலி ஏறிவிட்டது. நம்பிக்கையும் ரசாயனம் வழியாகத்தான் வேலை பார்த்திருக்கிறது.

இவ்வளவு பேசினாலும் ஓர் இடத்தில் எனக்கும் பதில் இல்லை. பல்வலியின்போது எந்த நரம்பு, மூளையில் எந்தப் பகுதி என்று எல்லாவற்றையும் படம் பிடிக்கலாம். அந்த 'விண் விண்' என்ற தெறிப்பு மட்டும் படத்தில் வராது. அது ஏன் வலியாக *உணரப்படுகிறது*? நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், உணர்வுநிலைக்கான தெளிவான அடையாளம் 25 ஆண்டுக்குள் மூளையில் பிடிபட்டுவிடும் என்று 1998இல் தத்துவப் பேராசிரியர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் வாங்கிக் கொடுத்தார்.

அதற்காக மூளைக்கு வெளியே ஒன்று உண்டு என்று ஆகிவிடாது. விளக்கம் இன்னும் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணச் சொன்ன டாக்டரிடம், மற்றவர்கள் எதுவரை எண்ணுவார்கள் என்று பிறகு கேட்டேன். "ஆறைத் தாண்டினவங்க ரொம்பக் கம்மி" என்றார்.