வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: தானே தேடிக்கொண்ட நோய்க்கு யார் செலவழிப்பது?

கேள்வி: நான் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, நாள் தவறாமல் நடக்கிறேன். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வாழ்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவருடைய சிகிச்சைக்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? ‘தன்வினை தன்னைச் சுடும்’ என்று விட்டால்தானே மற்றவர்களுக்குப் புத்தி வரும்?

பதில்: முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது நீங்கள் நினைக்கிற பக்கம் சாயவில்லை. புகைப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், இவ்விரண்டும் இல்லாதவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் 20 வயதிலிருந்து சாகும்வரை எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அதிகச் செலவு மூன்றாம் பிரிவினருக்குத்தான். நீண்ட நாள் வாழ்பவர்கள் முதுமையின் நோய்களுக்கும் நீண்ட நாள் சிகிச்சை பெறுகிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் பற்றவைத்துவிட வேண்டாம், அந்தச் சேமிப்பு சீக்கிரம் இறந்துபோவதால் வருவது.) உங்கள் தொண்ணூறாவது வயதின் செலவில் ஒரு பங்கை, நீங்கள் குறை சொல்லும் அந்த மனிதரும் கட்டிவிட்டுத்தான் போகிறார்.

‘தானே தேடிக்கொண்டது’ என்ற சொல்லும் அவ்வளவு எளிதானதன்று. பிரிட்டனின் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலைப் பணியில் இருந்தவர்கள் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறப்பது, உயர் பதவியில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இத்தனைக்கும் எல்லோரும் நிலையான அரசு வேலையில் இருந்தவர்கள். இலவசப் பொது மருத்துவம் எல்லோருக்கும் உண்டு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. பதவிப் படியில் கீழே இருந்ததை யார் கணக்கில் எழுதுவது?

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ‘ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?’ என்று கேட்டால், எதிரே இருப்பவர் ஒரு கணம் துணைக்கு வந்தவரைப் பார்ப்பார். பிறகு ‘ரெண்டு, மூணு’ என்பார். விரல் நுனியின் மஞ்சள் கறை வேறு எண்ணிக்கை சொல்லும். வெட்கத்துக்கே இவ்வளவு குறைப்பவர், பதிலைப் பொறுத்துக் கட்டணம் ஏறும் என்று தெரிந்தால் பழக்கமே இல்லையென்று சாதிப்பார். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அதே பொய்தான் போய்ச் சேரும். தண்டிக்கும் வேலையை மருத்துவரிடம் கொடுத்தால் அவர் வைத்தியம் பார்க்கும் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது.

1883இலேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த ஜெர்மனியில்கூட, தானே தேடிக்கொண்டதற்காக நோயாளியிடம் செலவின் ஒரு பங்கைக் கேட்கும் இன்றைய சட்டப் பிரிவு, வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட நோய், குற்றம் செய்கையில் நேர்ந்த பாதிப்பு, பச்சை குத்துதலாலோ தேவையற்ற அழகுச் சிகிச்சையாலோ வந்த சிக்கல் போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. புகையையும் எடையையும் அது தொடவில்லை.

கேள்வி: அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே கிடையாதா?

பதில்: உண்டு. அதை நோய் வருவதற்கு முன்னால் கேளுங்கள், கேட்பவர்கள் அதற்கு வழியும் செய்து கொடுங்கள் என்பதே என் வாதம். அதே ஜெர்மனியில், கட்டிய பல், செயற்கைப் பல் ஆகியவற்றுக்கான வழக்கமான செலவில் 60 விழுக்காட்டைக் காப்பீடு ஏற்கிறது. ஐந்து ஆண்டுகள் தவறாமல் பல் பரிசோதனைக்குப் போனவருக்கு 70, பத்து ஆண்டுகள் போனவருக்கு 75. தவறியவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

காசநோயைப் பாருங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமலும் காய்ச்சலும் சில வாரங்களிலேயே தணிந்துவிடும். அப்போது மாத்திரையை நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளரக்கூடும், அது வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவக்கூடும். இதைச் சொல்லிக் கண்டிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால், மருந்து தரும் சன்னல் அவருடைய வேலை நேரத்தில் மட்டுமே திறந்திருந்து, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்துதான் அவர் வரிசையில் நிற்க வேண்டுமென்றால், மூன்றாம் மாதம் அவர் வராமல் போனதற்கு நான் முதலில் திட்ட வேண்டியது அந்தச் சன்னலின் நேரத்தை நிர்ணயித்தவரை.